உடம்பு எழுதி வைக்கும் அளவு நோட்டு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். சமையல் வேலையை ஒழித்துப்போட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். முகூர்த்த மாதம் அல்லவா, அக்கம்பக்கத்து ஜாக்கெட் துணிகள் குவிந்து கிடந்தன. அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் மகள் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். பிரசவத்துக்குப் பிறகு அடிக்கடி பிறந்த வீட்டுக்கு வந்து போகிறவள்தான். குழந்தைக்கு 17 மாதம்.

"அத்தை, நாளைக்குப் புதன்கிழமை, ஊசி போடற நாளாம். நர்சம்மா போன் பண்ணினாங்க. அம்மா வேண்டாங்கறாங்க. ஒன்பதாம் மாசம் போட்டதுக்கே ஒரு வாரம் கழிச்சுக் காய்ச்சல் வந்து ரெண்டு நாள் யாரும் தூங்கலை. 'அதான் ஒரு தடவை போட்டாச்சே, அதே ஊசியை எதுக்கு மறுபடியும் குத்தணும்'னு கேக்கறாங்க. எனக்கும் நியாயமாத்தான் படுது. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் மெஷினிலிருந்து காலை எடுத்தேன். பதில் அடுத்த அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது. என் சின்ன மகன். கல்லூரியில் படிக்கிறான். யார் பேசினாலும் இடது காதைக் கொஞ்சம் திருப்பிக் கேட்பான். வலது காதில் அவனுக்குக் கேட்பது குறைவு. அது ஏன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

அன்றைக்கு அவளிடம் பேசினேன். அதையேதான் சகோதரிகளே, உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

சின்னவன் 2006-ஆம் வருஷம் தை மாதம் பிறந்தான். மூன்றரை மாதத்தில் முத்தடுப்பு ஊசி போட்டபோது தொடை கொழுக்கட்டை மாதிரி வீங்கி, ராத்திரி முழுக்கக் கத்தித் தீர்த்தான். மாமியார் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தார். "பச்சைப் புள்ளையை இந்தப் பாடு படுத்தணுமா? நாங்க எல்லாம் ஊசி போட்டா புள்ளை வளர்த்தோம்?" என்றார்.

9-ஆம் மாத அம்மை ஊசிக்கு நான் அவனைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மாமியார் சொன்னது நிஜம். ஆனால் முடிவு என்னுடையது. இன்னொரு ராத்திரி அந்த அழுகையைக் கேட்க வேண்டாமே என்று என் மனசுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

2008 சித்திரையில் அவனுக்கு இரண்டே கால் வயசு. முதலில் சளி, இருமல். கண் இரண்டும் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினான். நாலு நாள் காய்ச்சல் அடித்தது. பிறகு காதுக்குப் பின்னால் சிவப்பாகத் தடித்து, முகம், மார்பு, கை, கால் என்று கீழே இறங்கியது. "மணல்வாரி போட்டிருக்கு" என்றார் மாமியார். வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். டாக்டரிடம் போகக் கூடாது என்று இருந்தோம்.

தடிப்பு வந்த நாலாம் நாள் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கியது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நிமோனியா. 9 நாள் இருந்து பிழைத்து வந்தான்.

அதோடு முடியவில்லை. அடுத்த ஒரு வருஷம் அவனுக்கு வராத வியாதி இல்லை. வயிற்றுப்போக்கு, இருமல், காதில் சீழ், திரும்பத் திரும்பக் காதில் சீழ். கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போட்டதுதான் மிச்சம். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார், வலது பக்கம் நின்று கூப்பிட்டால் இவன் திரும்புவதில்லை என்று.

காதைப் பரிசோதித்த டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஒன்பதாம் மாச ஊசி போட்டீங்களா?" நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. பேசாமல் சீட்டில் எழுதினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். சயின்ஸ் புஸ்தகத்தில் வெள்ளை அணு, சிவப்பு அணு என்று மார்க்குக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. அன்றைக்குப் பிறகுதான் டாக்டரம்மாவையும் நர்சம்மாவையும் துளைத்துத் துளைத்துக் கேட்டேன். லைப்ரரியில் புஸ்தகம் எடுத்துப் படித்தேன். எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன்.

வாசல் காவல்

நம் உடம்பு ஒரு வீடு என்றால் தோல்தான் மதில் சுவர். கிழியாமல் இருக்கும் வரை பெரும்பாலான கிருமிகள் அதைத் தாண்டுவதில்லை. திறந்திருக்கும் வாசல்கள் கண், மூக்கு, வாய். அங்கேயும் காவல் உண்டு. கண்ணீரிலும் எச்சிலிலும் லைசோசைம் என்ற பொருள் இருக்கிறது. அது பல கிருமிகளின் மேலோட்டைக் கரைத்துவிடும். மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள சளி, ஈ பிடிக்கும் பசைக் காகிதம் மாதிரி கிருமியை ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் அந்தச் சளியை மேலே மேலே தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவருகின்றன. இருமித் துப்புகிறோம், அல்லது விழுங்குகிறோம். விழுங்கினாலும் வயிற்றில் இருக்கும் அமிலம் பல கிருமிகளைத் தீர்த்துவிடும்.

இத்தனையும் தாண்டி ஒரு கிருமி உள்ளே வந்துவிட்டால், முதலில் ஓடிவருவது வெள்ளை அணுக்கள். இதைக் கண்டுபிடித்த கதை ரொம்ப வேடிக்கையானது. 1882-இல் இத்தாலியில் மெஸ்ஸினா என்ற கடற்கரை ஊரில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி தங்கியிருந்தார். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் சின்ன முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், நகரும் அணுக்கள் நாலா பக்கமும் வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன! நம் பிள்ளைகள் காலில் முள் குத்தினால் சுற்றிலும் சிவந்து, சூடாகி, சீழ் வைக்கிறதே, அதுவும் இந்த வேலைதான். சீழ் என்பது பெரும்பாலும் கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள். மெச்னிகாஃபுக்கு 1908-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காய்ச்சலும் இந்தச் சண்டையின் ஒரு பகுதி. கிருமி வந்த செய்தி மூளைக்குப் போனதும், மூளை உடம்புச் சூட்டை வேண்டுமென்றே ஏற்றி வைக்கிறது. சூட்டில் பல கிருமிகள் பெருகத் திணறும். வெள்ளை அணுக்களோ சுறுசுறுப்பாகும். அதற்காகக் காய்ச்சலை அலட்சியம் செய்யலாம் என்று அர்த்தமில்லை. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். வலிப்பு, மூச்சுத்திணறல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவை எந்த வயசில் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

நெறி கட்டுவது எதனால்?

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. தொண்டையில் புண் என்றால் கழுத்தில் கட்டுகிறது. அந்த இடங்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் எப்போதும் இருக்கின்றன. கிருமியை விழுங்கிய சில அணுக்கள், அதன் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அந்த முடிச்சுக்குப் போகின்றன. தையற்காரியிடம் துணிச் சாம்பிளை எடுத்துக்கொண்டு போய், 'இதற்குச் சரியாக வருவது எது?' என்று கேட்கிற மாதிரி.

அங்கே பி அணுக்கள் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் கோடிக்கணக்கில் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தனி அளவு. ஒரு பெரிய ரெடிமேட் கடையில் எல்லா அளவிலும் ஒவ்வொரு ஜாக்கெட் மட்டும் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த கிருமிக்குக் கச்சிதமாகப் பொருந்துவது அதில் ஏதோ ஒன்றாக இருக்கும். பொருந்திய அந்த அணு மட்டும் இரண்டாகி, நாலாகி, ஆயிரமாகி, லட்சமாகிறது. அந்தப் பெருக்கத்தில்தான் நெறி வீங்குகிறது. பெருகிய அணுக்கள் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன. அது கிருமியின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அதை நம் உடம்பு அணுக்களுக்குள் புகவிடாமல் தடுக்கிறது.

டி அணுக்கள் என்று இன்னொரு வகையும் உண்டு. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியில், வீட்டு ஆள் யார், அன்னியன் யார் என்று பாடம் படித்துவிட்டு வருகிறவை இவை. கிருமி ஏற்கெனவே புகுந்துவிட்ட அணுக்களை அழிப்பவை சில. மற்றவர்களுக்கு உதவி செய்து வேலை வாங்குபவை சில.

ஆனால் ஒரு சங்கடம். முதல் தடவை இதெல்லாம் நடந்து முடிய ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகிவிடும். அதற்குள் கிருமி முந்திக்கொண்டால்? அதனால்தான் சில வியாதிகள் சின்னக் குழந்தைகளைக் கொண்டுபோய்விடுகின்றன.

அளவு நோட்டு

என்னிடம் ஒரு தடிமனான அளவு நோட்டு இருக்கிறது. தைக்க ஆரம்பித்த நாளிலிருந்து எழுதி வருகிறேன். எங்கள் தெருவில் இருந்து மும்பைக்குப் போன ஒரு மாமி பல வருஷம் கழித்து வந்து, "நாளைக்கே வேணும்" என்று துணியைக் கொடுத்தார். பக்கத்தைப் புரட்டினேன், வெட்டினேன், தைத்தேன். கச்சிதமாக இருந்தது.

உடம்பும் இதைத்தான் செய்கிறது. சண்டை முடிந்ததும் பெருகிய அணுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. கொஞ்சம் மட்டும் நினைவு அணுக்களாகத் தங்கிவிடுகின்றன. அதே கிருமி மறுபடி வந்தால், வாரக் கணக்கில் தேட வேண்டாம். வியாதி தலைதூக்கும் முன்பே வேலை முடிந்துவிடும்.

இந்த நோட்டு எத்தனை காலம் தாங்கும்? ஒரு நிஜக் கதை சொல்கிறேன். டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஃபாரோ தீவுகள் வட அட்லாண்டிக் கடலில் இருக்கின்றன. 1846-இல் அங்கே கப்பலில் வந்த ஒருவரால் தட்டம்மை பரவியது. சுமார் 7,800 பேர் இருந்த அந்தத் தீவுகளில் ஏறத்தாழ 6,000 பேர் சில மாதங்களில் படுத்துவிட்டார்கள். அரசாங்கம் பானும் என்ற இளம் டாக்டரை அனுப்பியது. அவர் வீடு வீடாகப் போய் விசாரித்தபோது ஓர் அதிசயத்தைக் கண்டார். கிழவர் கிழவிகள் சிலர் மட்டும் நோயே இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் 1781-இல் சின்ன வயசில் தட்டம்மை வந்திருந்தது! நடுவில் 65 வருஷம் அந்தத் தீவுகளில் தட்டம்மையே இல்லை. அப்படியும் உடம்பு மறக்கவில்லை.

எல்லா நோய்க்கும் நினைவு இவ்வளவு கெட்டியாக இருக்காது. டெட்டனஸ் மாதிரி சிலவற்றுக்கு அவ்வப்போது நினைவூட்ட வேண்டும். ஃப்ளூ காய்ச்சல் கிருமி தன் உருவத்தையே மாற்றிக்கொண்டு வரும். ஆள் பெருத்துவிட்டால் பழைய அளவு உதவாது, அல்லவா? ஆனால் தட்டம்மைக் கிருமி அப்படி வேஷம் மாற்றுவதில்லை. ஒரு முறை சரியாக எழுதிவிட்டால் போதும்.

அம்மா கொடுக்கும் கடன்

பிறந்த குழந்தையின் நோட்டு ஏறக்குறைய வெறுமைதான். அதனால் இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகின்றன. பிரசவமானதும் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலிலும், பிறகு வரும் தாய்ப்பாலிலும் இன்னொரு வகைப் புரதம் இருக்கிறது. அது குழந்தையின் தொண்டையிலும் குடலிலும் பூசினாற்போல் இருந்து காக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் வழக்கம் இன்னும் எங்காவது இருந்தால், சகோதரிகளே, தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஆனால் இது இரவல் நகை. குழந்தையே சம்பாதித்தது அல்ல. மாதங்கள் போகப் போக, தாய் கொடுத்த புரதம் கரைந்துகொண்டே வரும். அம்மை ஊசியை 9-ஆம் மாதத்தில் வைத்திருப்பதன் சூட்சுமம் இதுதான். அதற்கு வெகு முன்னால் போட்டால், அம்மாவின் புரதமே ஊசி மருந்தைத் தின்றுவிடும். குழந்தையின் நோட்டில் ஒன்றும் எழுதப்படாது. ரொம்பப் பிந்திப் போட்டால், இரவலும் தீர்ந்து சொந்தமும் இல்லாமல் குழந்தை வெறுங்கையோடு நிற்கும்.

அளவு ஜாக்கெட் என்பதுதான் ஊசி

நம் பெண்கள் தைக்கக் கொடுக்கும்போது நேரில் வருவதில்லை. 'அளவு ஜாக்கெட்' ஒன்றைக் கொடுத்தனுப்புகிறார்கள். தடுப்பூசியும் அப்படித்தான். நிஜக் கிருமி வர வேண்டியதில்லை. பலமிழந்த கிருமியோ, அதன் ஒரு துண்டோ போதும். உடம்பு அளவெடுத்துக்கொள்ளும்.

1796-இல் இங்கிலாந்தில் ஜென்னர் என்ற டாக்டர், பால் கறக்கும் பெண்ணின் கையில் இருந்த பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்து ஒரு 8 வயசுப் பையனுக்குக் குத்தினார். பிறகு பெரியம்மையைக் குத்திப் பார்த்தும் அவனுக்கு வரவில்லை. பசு அம்மை சாது, பெரியம்மை கொடியது. ஆனால் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. அந்த வழியிலேயே போய், 1980-இல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் பாட்டிமார்கள் பயந்து நடுங்கிய அந்த வியாதியை இன்றைய பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை.

இப்போது நாத்தனார் மகளின் கேள்விக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து எதற்குக் காய்ச்சல் வந்தது? தட்டம்மை ஊசியில் இருப்பது சாதுவாக்கிய உயிர்க் கிருமி. அது மெல்லப் பெருகி, உடம்பு அதை அடையாளம் கண்டு அளவெடுக்கும் நேரம் அது. சில குழந்தைகளுக்கு ஊசி போட்ட 5 நாளிலிருந்து 12 நாளுக்குள் காய்ச்சல் வரலாம். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். வராத குழந்தைகளும் ஏராளம். அவர்கள் உடம்பும் பாடம் படிக்கத்தான் செய்கிறது.

அதே ஊசி எதற்கு மறுபடியும்? 9-ஆம் மாதத்தில் போடும்போது 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் சரியாகப் பதிகிறது. அம்மாவின் புரதம் கொஞ்சம் மிச்சம் இருப்பது ஒரு காரணம். மீதி 15 பேர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் எல்லோருக்கும் இன்னொரு தடவை போடுகிறார்கள். முதல் தடவை பதியாதவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இப்போது பதிந்துவிடும். என் மகன் பிறந்த காலத்தில் அரசாங்கத்தில் இந்த ஊசி ஒரே தடவைதான். 2010-லிருந்துதான் இரண்டாவது தவணை வந்தது. 2017-இல் தமிழ்நாட்டில் ரூபெல்லாவையும் சேர்த்து ஒரே ஊசியாக்கினார்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண்ணும் காதும் இருதயமும் பாதிக்கப்படலாம். அதனால் இந்த ஊசி, நாளைக்குப் பிறக்கப்போகும் பேரன் பேத்திகளுக்கும் காவல்.

நோட்டைக் கிழிக்கும் வியாதி

தட்டம்மை வந்து போன பிறகு ஒரு வருஷம் என் மகன் ஏன் அப்படித் திண்டாடினான்? இதற்கான விடை எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் கிடைத்தது.

தட்டம்மைக் கிருமி நேராகப் போய்த் தாக்குவது எதைத் தெரியுமா? அந்த நினைவு அணுக்களையே! 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஊசி போடாமல் தட்டம்மை வந்த 77 டச்சுக் குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் புரத வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. தட்டம்மை தன் பக்கத்தை எழுதிவிட்டு, மற்ற பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போய்விடுகிறது. அந்தக் குழந்தை ஏற்கெனவே ஜெயித்த கிருமிகளிடம் மறுபடி முதலிலிருந்து தோற்றுத் தோற்றுக் கற்க வேண்டும். இப்படி 2, 3 வருஷம் வரை மற்ற தொற்று நோய்களின் ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்கிறார்கள். ஊசியில் இருக்கும் சாதுக் கிருமி இந்த வேலையைச் செய்வதில்லை.

என் பிள்ளைக்கு நடந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அவன் ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. ஆனால் டாக்டரம்மா இதை விளக்கியபோது, சுற்றிப் போட்ட மிளகாயும் உப்பும் என் கண் முன்னால் வந்தன.

அம்மை வந்துவிட்டால்

அம்மாவுக்குக் காட்டும் மரியாதையை நான் குறை சொல்லவில்லை. வேப்பிலை செருகுவது, வீட்டைச் சுத்தமாக வைப்பது, வெளியாரை உள்ளே விடாதது, எல்லாம் இருக்கட்டும். குறிப்பாக, தனியே வைப்பது ரொம்ப நல்லது. தட்டம்மை இருமல் காற்றில் பரவும். நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்து, தெரிந்த பிறகு 4 நாள் வரை ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் வேப்பிலையோடு டாக்டரும் வேண்டும். தட்டம்மைக்கு வைட்டமின் 'ஏ' மருந்தை இரண்டு நாள் அடுத்தடுத்துக் கொடுப்பார்கள். கண் பார்வை போகும் ஆபத்தையும் உயிராபத்தையும் அது குறைக்கும். அளவு வயசைப் பொறுத்தது; நாமாகக் கொடுக்கக் கூடாது. தாய்ப்பால், கஞ்சி, இளநீர், மோர் எதையும் நிறுத்த வேண்டாம். மூச்சு வேகமானாலும், விலா உள்வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், காதில் சீழ் வந்தாலும், கண்மணி மங்கினாலும் ஒரு நாழிகை தாமதிக்கக் கூடாது. நான் தாமதித்தேன்.

எதிர்ப்புச் சக்தி கூட்டும் பொடி, லேகியம் என்று பல விற்கிறார்கள். நல்ல தூக்கமும், முருங்கைக்கீரை, பப்பாளி, பருப்பு, முட்டை என்று வயிறார நல்ல சாப்பாடும் உடம்புக்குப் பலம்தான். சரியாகச் சாப்பிடாத குழந்தையைத்தான் தட்டம்மை ரொம்ப வாட்டும். ஆனால் எந்தப் பொடியும் நோட்டில் ஒரு கிருமியின் அளவை எழுதாது.

ஊசிக்குப் போகும்போது சாதாரணச் சளி, லேசான சூடு இருந்தால் தடையில்லை. கடும் காய்ச்சல் என்றால் தணிந்த பிறகு போடச் சொல்வார்கள். அதற்காக மறந்துவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி கிடையாது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்த குழந்தை என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். தவணை தப்பிப்போன குழந்தைக்கு 5 வயசு வரை அரசாங்கத் திட்டத்தில் போட்டுக்கொள்ளலாம். 'இனிமேல் என்ன' என்று விட்டுவிடாதீர்கள்.

புதன்கிழமை

நான் பேசி முடித்தபோது நாத்தனாரும் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "எங்கம்மா சொன்னதைத்தானே நானும் சொல்றேன்" என்றார். ஆமாம், என் மாமியார் அவருடைய அம்மாதானே.

"உங்கம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியாது அக்கா" என்றேன். "படுக்கையில இருக்கறப்போ இவனைக் கூப்பிட்டு, வலது காதைத் தடவிக்கிட்டே, 'நான் குத்த விடலையேடா'ன்னு அழுதாங்க. அவனுக்கு அது சரியாக் கேக்கலை. 'என்ன பாட்டி?'ன்னு கேட்டான். அவங்க மறுபடி சொல்லலை."

நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை மூன்று பேருமாகப் போனோம். வலது கையில் ஒன்று, தொடையில் முத்தடுப்பு மறு ஊசி ஒன்று, வாயில் போலியோ சொட்டு, ஒரு ஸ்பூன் வைட்டமின் மருந்து. குழந்தை வீல் என்று கத்தியது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். அதற்குள் நாத்தனார் கையில் இருந்த பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்ன ஆரம்பித்துவிட்டது. நர்சம்மா அட்டையில் தேதியைப் போட்டுக் கொடுத்தார். நாத்தனார் அதை வாங்கி, தன் பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ராத்திரி போன் வந்தது. "ஏம்மா, தொடை கொஞ்சம் வீங்கியிருக்கு. லேசாச் சுடுது. பயப்படலாமா?"

"பயப்பட வேண்டாம் அக்கா. வீங்கின இடத்தைத் தேய்க்காதீங்க. பால் கொடுக்கச் சொல்லுங்க. நர்சம்மா கொடுத்த காய்ச்சல் மருந்தை அவங்க சொன்ன அளவுக்குக் கொடுங்க. உள்ளே எழுதிக்கிட்டிருக்கு" என்றேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பீரோவில் பிள்ளையின் தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது? இதைப் படித்து முடித்த கையோடு எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், வருகிற புதன்கிழமையே கிளம்புங்கள். ஒரு ராத்திரி அழுகை ஒரு ராத்திரியோடு போய்விடும். நான் தப்பித்துக்கொண்ட அந்த ஒரு ராத்திரிக்கு, என் பிள்ளை இன்றைக்கும் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.